ஸ்வியா 123 ஸ்டவ்வைப் பற்றவைப்பது எப்படி

1955இல் ஸ்வீடனில் வந்த இந்தப் பித்தளை முகாம் ஸ்டவ்வில் பம்ப் கிடையாது. நம் வீட்டுப் பழைய பம்ப் ஸ்டவ்வில் காற்றடித்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இதில் சூடுதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது.

எரிபொருள் வொயிட் காஸ் மட்டும்தான், அதாவது பளிங்கு மாதிரி இருக்கும் சுத்தமான பெட்ரோல் வகை. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். டாங்கில் முக்கால் வாசிக்கு மேல் போகக் கூடாது, ஆவிக்கு இடம் வேண்டும். மூடியை இறுக்கி, வால்வ் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பர்னர் தண்டின் அடியில், டாங்க் மேலே உள்ள சின்னக் குழியில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்துங்கள். வொயிட் காஸும் விடலாம், ஆனால் புகையும் கரியும் வரும், எனக்கு ஸ்பிரிட்தான் பிடிக்கும். அந்தத் தீ அணையப் போகும் நேரத்தில் வால்வைத் திருப்பும் சாவியைக் கால் சுற்று திறந்தால் ‘புஸ்’ என்று நீலமாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மஞ்சளாக எழும்பினால் தண்டு சூடாகவில்லை என்று அர்த்தம். வால்வை மூடி, முழுக்க ஆறவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.

123ஆர் வகையில் அடைப்பெடுக்கும் ஊசி உள்ளேயே இருக்கிறது, தனியாகப் பின் குத்த வேண்டாம்.

கூடாரத்துக்குள் வேண்டவே வேண்டாம். காற்றுக்குத் தடுப்பு வைத்தாலும் டாங்கை நெருக்கிச் சுற்றாதீர்கள், சூடேறினால் மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வ் திறந்து தீ பீய்ச்சும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது.