மார்கழி விடுமுறையில் திருவனந்தபுரம் அறிவியல் அருங்காட்சியகம்: குடும்பத்துடன் ஒரு நாள் போய்வரத் திட்டமிடும் முறை

குமரி மாவட்டத்தின் மேற்கோரத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் வாழும் எங்களைப் போன்றவர்களுக்குத் திருவனந்தபுரம் புதிய ஊர் அன்று. பெரிய ஆஸ்பத்திரிக்கும், வளைகுடா செல்லும் உறவினரை வழியனுப்புவதற்கும், கல்யாணத்துக்குத் துணி எடுக்கச் சாலைக் கம்போளத்துக்கும் எத்தனையோ முறை போய் வந்திருப்போம். ஆனால் பிள்ளைகளுக்காக மட்டுமே அந்த நகரத்துக்குச் சென்ற நாளை எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள்கூட நிரம்பாது. பி.எம்.ஜி. சந்திப்பில் 1984-இல் தொடங்கப்பட்ட கேரள மாநில அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகமும், அதே வளாகத்தில் 1994 முதல் இயங்கும் பிரியதர்சினி கோளரங்கமும் தமிழ்நாடு-கேரள எல்லையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில்தான் இருக்கின்றன. முதன்முறையாகக் குடும்பத்துடன் அங்கே செல்ல நினைப்பவர்களுக்காக, நாங்கள் சில முறை சென்று, சில முறை சொதப்பிக் கற்றுக்கொண்டவற்றைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

நம் பகுதியில் குளிர்காலம் என்பது விடியற்காலைப் பனியும் மெல்லிய வெயிலும்தான். ஆனாலும் பிள்ளைகளுடன் நடந்து திரிவதற்கு ஆண்டில் இதைவிட நல்ல காலம் கிடையாது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் கேரளப் பள்ளிகளின் கிறிஸ்துமஸ் விடுமுறையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வருவதால், கிறிஸ்துமஸை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. சபரிமலை மண்டல காலம் டிசம்பர் கடைசி வாரம் வரை நீடிப்பதால், ரயிலிலும் தம்பானூர் பேருந்து நிலையத்திலும் இருமுடிக் கூட்டம் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டுக்கு முன் வரும் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அருகிலுள்ள நேப்பியர் அருங்காட்சியகத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், திங்களைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுங்கள்.

படி 2: ஒரு கேள்வியை வீட்டிலேயே முளைக்க வைத்தல்

நான் மிக முக்கியமானதாகக் கருதும் படி இது. கேள்வி இல்லாமல் உள்ளே நுழையும் குழந்தை பொத்தான்களை அழுத்திவிட்டு அடுத்த பொத்தானுக்கு ஓடும். மனத்தில் ஒரு கேள்வியோடு நுழையும் குழந்தை நின்று பார்க்கும். அந்தக் கேள்வியை நாம் ஊட்ட முடியாது. அது முற்றத்திலிருந்து கிளம்பி வர வேண்டும். அதற்குச் செலவில்லாத ஒரு வழி, புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் நிழல் அளப்பது.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கமுகு வரிச்சு (பாக்குமரக் குச்சி) ஒன்றை, தரைக்கு மேல் முழு மீட்டரும் நிற்கும்படி, முற்றத்தில் சமதளமான இடத்தில் நடுங்கள். அது செங்குத்தாக நிற்கிறதா என்பதை, ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். மதியம் 12 மணி முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு புளியங்கொட்டையை வைக்கச் சொல்லுங்கள். நிழல் முதலில் குறுகி, பிறகு நீளத் தொடங்குவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மிகக் குறுகிய நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 62 சென்டிமீட்டர் இருக்கும். அது விழும் நேரம் பன்னிரண்டு மணி அன்று, சுமார் 12.21.

முதன்முதலில் எங்கள் வீட்டு முற்றத்தில் இதைச் செய்தபோது, ஏழு வயதுப் பையன் கடிகாரத்தையும் புளியங்கொட்டை வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாட்டா, கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா?" என்று கேட்டான். பாட்டா, அதாவது அவன் தாத்தா, பதில் சொல்லாமல், "திருவனந்தபுரத்தில போய்க் கேப்போம் மக்களே" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் பயணத்தின் முதலீடு.

பெரியவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வதற்காக விடையையும் சொல்லிவிடுகிறேன். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நம் ஊர் அதற்கு மேற்கே ஐந்து பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது என்பதால், சூரியன் நம் உச்சிக்கு வர இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமாகிறது. அந்த நேரத்திலும் நிழல் 62 சென்டிமீட்டர் நீண்டு கிடப்பதற்குக் காரணம் பூமியின் 23.4 பாகைச் சாய்வு. டிசம்பரில் சூரியன் தெற்கே ஒதுங்கி நிற்கிறது. குளிர்காலத்தில் சூரியன் நம்மை விட்டுத் தூரமாகப் போய்விடுகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலையில் அது 15.2 கோடியாகிவிடும்.

இன்னொரு பிள்ளைக்கு இன்னொரு கேள்வி வேண்டுமென்றால் சமையலறையில் இருந்து ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துக் கொடுங்கள். குழிந்த பக்கத்தில் முகம் தலைகீழாகவும், புடைத்த பக்கத்தில் நேராகவும் தெரிவது ஏன் என்று அவள் யோசித்துக்கொண்டே வரட்டும்.

படி 3: முளை அடித்தல்

மாட்டை முளையில் கட்டுவது போல, அன்றைய நாளை ஒரே ஒரு நேரத்தில் கட்ட வேண்டும். அந்த நேரம் கோளரங்கக் காட்சி தொடங்கும் நேரம். காட்சிகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நேரங்களில் நடைபெறும். முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து, எந்த மொழிக் காட்சி எத்தனை மணிக்கு, நாளை வேலை நாள்தானா, நுழைவுச்சீட்டு எப்போது தருவார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதுக்குப் பழகியதுதான். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பேச்சு புரியும். ஆகவே தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு ஆங்கிலக் காட்சியைவிட மலையாளக் காட்சியே எளிதாக இருக்கும் என்பது என் அனுபவம்.

காட்சி தொடங்கிய பின் இருட்டறைக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுங்கள். ஒரு முறை வேறொரு நகரத்தில், தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று நான் சொன்ன ஒரு சொல்லால் பத்து நிமிடம் பிந்தி, மூடிய கதவுக்கு முன் குடும்பமே நின்றது. அன்று பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. காட்சி நேரத்துக்கு அரை மணி முன்பு சீட்டுடன் வளாகத்தில் இருப்பது, அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் அருங்காட்சியகம் பார்ப்பது, அதற்கு முன் பயணம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு வந்தால், எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

படி 4: பயணம்

ரயில்தான் நல்லது. நாகர்கோவில், இரணியல், குழித்துறை ஆகிய நிலையங்களில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் உள்ளவர்களுக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் அரைக் கட்டணம். நிலையத்துக்கு எதிரிலேயே தம்பானூர் பேருந்து நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பாளையம் வழியாக பி.எம்.ஜி. செல்லும் பேருந்திலோ ஆட்டோவிலோ சேர்ந்துவிடலாம். களியக்காவிளையில் இருந்து நேராகப் பேருந்தில் செல்பவர்கள், பாலராமபுரம் சந்திப்பில் நெரிசல் இருக்கும் என்று அரை மணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

படி 5: சாப்பாடு

காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். மதியத்துக்குப் புளிச்சோறு, இடையில் கொறிக்க ஏத்தங்காய் (நேந்திரங்காய்) வத்தல், ஆளுக்கு ஒரு ஏத்தம்பழம், குடிக்கச் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். இவ்வளவு போதும். தயிர்ச்சோறு மதியத்துக்குள் புளித்துவிடும். கண்காட்சிக் கூடத்துக்குள் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது என்பதால், உள்ளே போகுமுன் பிள்ளைகளின் வாயில் ஏதாவது போட்டு அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

படி 6: கூடத்துக்குள்

உள்ளே இயந்திரவியல், மின்னியல், கணிதம் என்று பல கூடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வாசலிலிருந்து வரிசையாகத் தொடங்குவதுதான் முதன்முறை செல்பவர்கள் செய்யும் பெரிய தவறு. முதலில் பத்து நிமிடம் எதன் முன்பும் நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த இரண்டைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு கருவிகள். ஒவ்வொன்றின் முன்பும் கால் மணி நேரம் நின்றாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

நின்று பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அறிவியல் மையங்களில் வழக்கமாகக் காணக்கூடிய ஒரு கருவி, இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற ஓர் உருளை. அதை, ஒரு முனையில் குறுகியும் மறுமுனையில் அகன்றும் மேலேறிச் செல்லும் இரண்டு தண்டவாளங்களின் தாழ்ந்த முனையில் வைத்தால், அது மேட்டை நோக்கித் தானாக உருண்டு போகும். குழந்தை முதலில் சிரிக்கும், பிறகு அதை மறுபடியும் கீழே கொண்டுவந்து வைக்கும். அப்போது விளக்கம் சொல்லாதீர்கள். "உருளையின் நடுப்பகுதியை மட்டும் பக்கவாட்டில் குனிந்து பார்" என்று சொல்லுங்கள். தண்டவாளங்கள் அகல அகல, உருளை தன் மெலிந்த முனைகளில் தங்கிக்கொண்டு, நடுப்பகுதி சிறிது சிறிதாகக் கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். மேலே ஏறுவது போலத் தோன்றினாலும் அதன் எடைமையம் தாழ்ந்துகொண்டேதான் போகிறது.

தலைமுடியை நட்டமாக நிற்க வைக்கும் வான் டி கிராஃப் மின்னாக்கியை எங்கேனும் பார்க்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் அதன் மின்னூட்டம் கசிந்துவிடும். கடலோர ஊரில், அதுவும் மழை பெய்த மறுநாளில், முடி சரியாக எழும்பவில்லை என்றால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். குழியாடியின் (குழிந்த கண்ணாடியின்) முன் நின்றால், கரண்டியை நினைவுபடுத்த வேண்டிய தேவையே இருக்காது, பிள்ளையே சொல்லிவிடுவாள்.

பெயர்ப்பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், உங்களில் ஒருவர் படித்துத் தமிழில் சொல்லும் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது பாட்டாவின் வேலை. பழைய திருவிதாங்கூர்ப் பள்ளியில் மலையாளம் படித்தவர் என்பதில் அவருக்கு அன்று ஒரு நாள் பெருமை.

படி 7: கோளரங்கம்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் விளக்கு அணைந்தவுடன் அழக்கூடும். எங்கள் இளையவள் அழுதாள். வாசலுக்கு அருகில், ஓர இருக்கையில் அமர்ந்தால் யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியே வரலாம். முந்தைய இரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்துப் படுக்கவைத்துப் பழக்கினால் இன்னும் நல்லது. மூத்தவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: காட்சியில் கார்த்திகையும் திருவாதிரையும் எங்கே வருகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் அது தேவைப்படும்.

படி 8: பிற்பகல்

சாப்பிட்ட பிறகு தூக்கம் வராத பிள்ளைகள் இருந்தால் மட்டும் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்துக்குச் செல்லலாம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-இல் முடிந்த அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும், மரநிழலில் உட்காரலாம். பி.எம்.ஜி.க்கு அருகிலேயே, 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய வானாய்வுக்கூடம் அமைந்த குன்றும் இருக்கிறது. ஆங்கிலேயரான ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநராக இருந்தார். நிழல் அளந்த பையனுக்கு, இந்த ஊரில் நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் முன்பே சூரியனையும் விண்மீன்களையும் அளந்தார்கள் என்று சொன்னால் அது காதில் ஏறும்.

தும்பாவையும் அன்றே பார்த்துவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட இடம் அது. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால்தான் அந்த மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும்.

படி 9: இரவு, வீட்டு முற்றம்

மாலை ரயிலில் திரும்பினால் எட்டு மணிக்குள் வீடு சேர்ந்துவிடலாம். கால் கழுவியவுடன் பிள்ளைகளைக் கிழக்கு நோக்கி நிறுத்துங்கள். டிசம்பர் கடைசியில் அந்த நேரத்தில் உயரத்தில் சிறு கொத்தாகக் கார்த்திகை தெரியும். அதன் ஒளி நம்மை வந்தடைய சுமார் 440 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குக் கீழே செம்மஞ்சளாக ரோகிணி. இன்னும் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு வடக்கே, சிவந்து தெரிவது திருவாதிரை. தெருவிளக்கு இடைஞ்சலாக இருந்தால் ரப்பர் தோட்டத்து விளிம்புவரை நடந்து போகலாம். டார்ச் விளக்கை அணைத்து, கண் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள்.

முற்றத்தில் நட்ட வரிச்சை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். ஏப்ரல் 11 வாக்கில், உச்சிப்பொழுதில், குழித்துறைப் பக்கத்தில் அதற்கு நிழலே விழாது. அன்று ஒரு புளியங்கொட்டைகூட வேண்டாம்.