பிரெஞ்சுக் காலனிகளின் விடுதலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1954 நவம்பர் 1. புதுச்சேரியின் நிர்வாகம் சண்டையின்றி இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாளில் அல்ஜீரியாவில் விடுதலைப் போரின் முதல் குண்டுகள் வெடித்தன. ஆண்ட நாடு ஒன்றுதான். ஆனால் அல்ஜீரியாவில் ஏறக்குறைய பத்து லட்சம் ஐரோப்பியர் குடியேறியிருந்தார்கள். அதைக் காலனி என்றே பாரிஸ் சொல்லவில்லை, பிரான்சின் மாவட்டங்கள் என்றது. அல்ஜீரியா 1962 ஜூலை 5 அன்று விடுதலை பெற்று ஆறு வாரம் கழித்துத்தான் புதுச்சேரியும் சட்டப்படி இந்தியாவுடையது ஆனது. ஆகவே 'பிரான்ஸ் தன் காலனிகளை இப்படித்தான் விட்டுச் சென்றது' என்று ஒரே வரியில் எழுதுபவரை நம்பாதீர்கள்.

பிரெஞ்சு பேசினாலே பிரான்ஸ் ஆண்ட நாடு என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. காங்கோ நதியின் ஒரு கரையில் இருக்கும் பிராசவில் பிரான்சிடம் இருந்தது. எதிர்க்கரையில் இருக்கும் கின்ஷாசா பெல்ஜியத்திடம் இருந்தது. விடுதலைத் தலைவர் லுமும்பா கின்ஷாசா பக்கத்துக்காரர். ருவாண்டாவும் புருண்டியும் பெல்ஜியத்தின் கீழ் இருந்தவையே.

அல்ஜீரியாவைத் தவிர மற்ற இடங்களில் ரத்தம் சிந்தவில்லை என்பார்கள். மடகாஸ்கரில் 1947-இல் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. கேமரூனின் விடுதலைத் தலைவர் ரூபன் உம் நியோபே 1958 செப்டம்பரில் காட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே மாதம் 28-ஆம் தேதி பிரெஞ்சுப் பிரதமர் டி கோல் ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தினார்: பிரான்சின் தலைமையிலான 'பிரெஞ்சுச் சமூகம்' என்ற கூட்டமைப்பில் சேர்கிறீர்களா, தனியே போகிறீர்களா? ஆப்பிரிக்கக் காலனிகளில் கினி மட்டும் 95 சதவீதத்துக்கும் மேல் 'வேண்டாம்' என்றது. நான்கே நாளில் விடுதலை. பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளோடு கிளம்பினார்கள். தொலைபேசிக் கம்பிகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அண்டை நாடுகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை 1960-இல் விடுதலை பெற்றபோது ராணுவம், நாணயம், கனிமம் பற்றிய ஒப்பந்தங்களும் கூடவே வந்தன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் கினியின் தலைவர் சேக்கு தூரேயை மாவீரராக்கி நிறுத்திவிடுகிறார்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளரான தியாலோ தெலி தூரேயின் போய்ரோ சிறை முகாமில்தான் 1977-இல் மடிந்தார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாணயத்தைப் பற்றித்தான் பிழைகள் அதிகம். பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக உருவாக்கிய சி.எஃப்.ஏ. பிராங்க் என்ற நாணயம் 1945-இல் பிறந்தது. அதைப் பயன்படுத்தும் 14 நாடுகளில் எல்லாமே முன்னாள் பிரெஞ்சுக் காலனிகள் அல்ல. கினி-பிசாவு போர்ச்சுகலிடமும், எக்குவடோரியல் கினி ஸ்பெயினிடமும் இருந்தவை. 'பிரான்ஸ் இன்றும் காலனி வரி வசூலிக்கிறது' என்று சமூக ஊடகங்களில் சுற்றும் செய்தியும் சரியல்ல. அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் அது அந்த நாடுகளின் சொந்தக் கணக்கு, அதற்கு வட்டியும் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்த விதியை நீக்குவதாக 2019 டிசம்பரில் அறிவித்தார்கள். உண்மையான குறை வேறு: ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று மதிப்பு கட்டப்பட்டிருப்பதால், தம் நாணயத்தின் விலையை அந்த நாடுகள் தாமே தீர்மானிக்க முடிவதில்லை. 1994 ஜனவரியில் அந்த நாணயத்தின் மதிப்பு ஒரே அடியில் பாதியானபோது இறக்குமதி மருந்து வாங்கியவருக்கு இதன் பொருள் புரிந்திருக்கும்.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளிலும் 2020 முதல் 2023 வரை ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிரெஞ்சுப் படைகளை வெளியேற்றியது. இதையே இரண்டாம் விடுதலை என்று கொண்டாடுபவர்கள் செனகலையும் பார்க்கட்டும். அங்கே ராணுவப் புரட்சி ஒன்றுகூட வென்றதில்லை. 2024 மார்ச்சில் சிறையிலிருந்து வெளிவந்த பத்தாம் நாள் எதிர்க்கட்சி வேட்பாளர் பசிரு தியோமாயி ஃபாய் முதல் சுற்றிலேயே அதிபர் தேர்தலில் வென்றார். 2025 ஜூலையில் கடைசிப் பிரெஞ்சுத் தளத்தின் சாவி செனகலிடம் ஒப்படைக்கப்பட்டது.