டயர் ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது? நீங்களே கண்டுபிடிக்கலாம்

டயர் சீக்கிரம் மொட்டையானால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் தேய்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும்.

முதலில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள். முன் டயரின் உள் ஓரம் அப்போதுதான் கண்ணில் படும். வெளியிலிருந்து பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) புதுசு மாதிரி தெரியும், ஆனால் சில சமயம் உள்ளே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள்.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காத்து அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் மேலேயே அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, பங்க்கில் அதைச் சொல்லி அடிக்காதீர்கள். ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் கணக்கு.

ஒரு ஓரம் மட்டும் போயிருக்கிறதா? பட்டன்களின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி உறுத்தினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியில்லை, அலைன்மென்ட்டில், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலையில், திருத்தலாம். உறுத்தாமல் சரிவாக மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மேல்தான் சந்தேகம். பல சின்னக் கார்களில் கேம்பரைத் திருத்தத் தனி வசதியே கிடையாது. பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) வளைந்ததா, அதன் ரப்பர் புஷ் போய்விட்டதா என்று தேட வேண்டும்.

டயரைச் சுற்றி அங்கங்கே குழி விழுந்திருந்தால் கோளாறு ஷாக் அப்சார்பரில் (குலுக்கலை அடக்கும் பாகம்) அல்லது வீல் பேலன்சிங்கில் (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது). ஷாக்கின் மேல் ஆயில் கசிந்திருக்கிறதா பாருங்கள், பானெட் மூலையை அமுக்கிவிட்டால் வண்டி ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் முடிந்தது.

அப்புறம், நேராக அலைன்மென்ட் கடைக்கு ஓடாதீர்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, வண்டிக்கு அடியில் போகாமல், டயரை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள்: ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து மூட்டு) அல்லது சக்கரம் சுழல உதவும் பேரிங். அதை மாற்றாமல் அலைன்மென்ட் பார்ப்பது தண்டச் செலவு, பார்த்த அளவு அப்படியே நிற்காது.

கடையில் வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைப் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன மேடு, அதாவது 1.6 மி.மீ. அடையாளம், தரைமட்டத்துக்கு வந்துவிட்ட டயரை மட்டும் என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது, மாற்றிவிடுங்கள்.