தாமிரத்துக்கு ஈஸ்ட்டைப் பழக்குவது: ஆய்வகச் செய்முறை

ஈஸ்ட் செல்லுக்குள் தாமிரம் கொஞ்சமாக நுழைந்ததும் ஏஸ்1 என்ற புரதம் அதை உணர்ந்து சியூபி1 மரபணுவை முடுக்கிவிடுகிறது. அதிலிருந்து உருவாகும் மெட்டல்லோதயோனீன் என்ற புரதம் தாமிர அயனிகளைக் கந்தகப் பிணைப்பால் கட்டிப்போடுகிறது. அடுத்து பெரிய அளவு வந்தாலும் செல் தாக்குப்பிடிக்கும்.

2.5 கிராம் மயில்துத்தத்தை (நீல காப்பர் சல்ஃபேட்) காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 100 மில்லியாக்கி, கிருமி வடிகட்டியில் வடிகட்டினால் 100 மில்லிமோலார் கரைசல் தயார். அம்மோனியம் சல்ஃபேட் உள்ள ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் என்ற ஆயத்த ஊட்டக் கலவையும் 2 சதவீத குளுக்கோஸும் ஊடகத்துக்குப் போதும். பெப்டோன் கூடாது, அது தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், நீங்கள் ஊற்றிய அளவு செல்லைச் சென்றடையாது.

சியூபி1 நகல்களின் எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும். எனவே 0.25, 0.5, 1, 2, 4 மில்லிமோலாரில் முதலில் வளர்த்துப் பாருங்கள். வளர்ச்சி நன்றாகத் தாமதப்பட்டு, ஆனால் நின்றுவிடாத அளவே உங்கள் சோதனை அளவு.

இரவு முழுக்க வளர்த்ததை 600 நானோமீட்டரில் ஓடி (OD, செல்களால் வரும் கலங்கல் அளவு) 0.2 வரும்படி நீர்க்கச் செய்து, 30 டிகிரியில் 3 மணி நேரம் குலுக்குங்கள். 10 மில்லி வீதம் இரண்டு குடுவைகளில் பிரியுங்கள். ஒன்றில் 10 மைக்ரோலிட்டர் தாமிரக் கரைசல் (0.1 மில்லிமோலார்), மற்றதில் அதே அளவு நீர். 2 மணி நேரம் கழித்து சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, கழுவி, இரண்டையும் ஒரே ஓடிக்குக் கொண்டுவந்து சோதனை அளவில் விடுங்கள். தாமிரம் சேர்க்காத ஊடகத்திலும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பங்கு வளரட்டும். இல்லையென்றால் கழுவியதில் வந்த பாதிப்பையும் தாமிரத்தின் பாதிப்பையும் பிரித்தறிய முடியாது.

பலர் கோட்டைவிடுவது அளவெடுப்பதில்தான். மறுநாள் காலையில் ஒரே ஒருமுறை பார்த்தால் இரண்டு குடுவையும் ஒன்றுபோல் கலங்கியிருக்கலாம். பழகாத செல்லும் பெரிய அளவு தாமிரத்தில் இருந்தபடியே மெட்டல்லோதயோனீனைத் தயாரித்துத் தேறிவிடும். வித்தியாசம் தொடக்கத் தாமதத்தில் இருக்கிறது. மணிக்கொருமுறை ஓடி எடுங்கள். பிளாங்கிலும் (ஒப்பீட்டுக்கான, செல் இல்லாத ஊடகம்) அதே அளவு தாமிரம் இருக்கட்டும். நீல நிறமும் ஒளியை உறிஞ்சும்.

கிடைத்தது பழக்கமா, தாங்கும் செல்கள் மட்டும் மிஞ்சியதா? பழகியதைத் தாமிரம் சேர்க்காத ஊடகத்தில் 1000 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி வளரவிடுங்கள். ஏறத்தாழ 10 தலைமுறை கடந்துவிடும். மீண்டும் சோதியுங்கள். தாங்குதிறன் மறைந்தால் பழக்கம், நிலைத்தால் தேர்வு.

சிறு அளவு கொடுத்துப் பழக்கலாம் என்பதை மனித உடலுக்குப் பொருத்தவே கூடாது. காட்மியத்தை மெட்டல்லோதயோனீன் கட்டிவைப்பது சிறுநீரகத்தில். அங்கே அது பல்லாண்டுகள் தங்கிச் சேர்ந்து சிறுநீரகத்தையே கெடுக்கும். ஈயமும் பாதரசமும் சிறு அளவிலேயே கேடு விளைவிக்கும்.

தாமிரம் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல், உலோகக் கழிவு என்று ஒட்டிய தனி கேனில் சேருங்கள்.