ஆர்.சி. படகுக்கு லித்தியம் பேட்டரியும் சார்ஜரும் தேர்ந்தெடுக்கும் முறை

ரேடியோ கன்ட்ரோல் படகு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அதன் வேகத்தைக் கேட்கிறார்கள். அடுத்து பேட்டரியின் விலையைக் கேட்கிறார்கள். சார்ஜரைக் கடைசியில், கையில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார்கள். படகு ஒருநாள் கல்லில் மோதி உடையலாம், பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துதான் போகும், ஆனால் நல்ல சார்ஜர் ஒன்று அடுத்தடுத்து வரும் எத்தனையோ பேட்டரிகளுக்கு உழைக்கும். வீட்டுக்குள் தீ விபத்து நேராமல் காப்பதும் பெரும்பாலும் அதுவே. ஆகவே பணம் ஒதுக்கும்போது சார்ஜருக்கு முதலில் ஒதுக்க வேண்டும். கணக்குப் போடும்போது மட்டும் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீரைப் பார்த்துத் தொடங்குதல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் படகு விடுவதற்கு ஊருக்கு ஊர் குளம் உண்டு. ஆனால் அவற்றில் பல, தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் தாமரை வளரும் குளங்கள்; மற்றவற்றில் ஆகாயத்தாமரையும் பாசியும் படர்ந்திருக்கும். படகின் புரொபெல்லரில் ஒரு தாமரைத் தண்டு சுற்றிக்கொண்டால் மோட்டார் சுழல முடியாமல் நிற்கும். நின்ற மோட்டார் ஓடுகிற மோட்டாரைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இரணியல் பக்கம் ஒரு குளத்தில் என் தங்கை மகன் இப்படித் தண்டில் சிக்கிய படகை விடுவிக்க ஆக்சிலரேட்டரை விடாமல் அழுத்திப் பிடித்ததில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் சில நொடிகளுக்குள் கருகியது. கரைக்கு இழுத்து வந்து மூடியைத் திறந்தபோது பேட்டரி தலையணைபோல் உப்பியிருந்தது. அந்த பேட்டரி அந்தப் படகின் சாதாரண ஓட்டத்துக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. சிக்கலைத் தாங்கும் அளவுக்கு அதில் மிச்சம் இல்லை. செடி உள்ள தண்ணீரில் ஓட்டுபவர் தேவைக்கு மேல் கணிசமான இடைவெளி விட்டு பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படகு சிக்கியது தெரிந்தவுடன் கையை எடுத்துவிடவும் பழக வேண்டும்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் செடித் தொல்லை குறைவு, ஆனால் அங்கே உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். படகுக்குள் புகுந்தால் கனெக்டர்களுக்கு இடையே மின்கசிவு ஏற்பட்டு, செம்புக் கம்பிகள் சில நாட்களிலேயே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். சுசீந்திரம், தேரூர் குளங்களை மட்டும் விட்டுவிடுங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட ஈரநிலம் அது. வலசை வரும் பறவைகளுக்கு நடுவே மோட்டார் படகுக்கு வேலையில்லை.

எந்த வகை லித்தியம்

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. வேகப் படகுகளில் பெரும்பாலும் பயன்படுவது லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி. பேட்டரிக்குள் இருக்கும் தனி அலகான ஒரு செல்லுக்குப் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். குறுகிய நேரத்தில் மிகுந்த மின்னோட்டத்தைத் தரவல்லது. அந்த அளவுக்கே முரட்டுத்தனத்தைப் பொறுக்காதது. அதன் மேலுறை மெல்லிய அலுமினியப் படலம் என்பதால் படகுக்குள் கூரான திருகோ பிளாஸ்டிக் விளிம்போ அதைத் தொடாதபடி அடியில் ஸ்பாஞ்சு விரிக்க வேண்டும்.

இரண்டாவது, டார்ச்சிலும் லேப்டாப்பிலும் பார்த்திருக்கும் உருளை வடிவ லித்தியம் அயன் செல். 18650 என்ற எண் அதன் அளவைக் குறிப்பது: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. ஒரு செல் 45 முதல் 50 கிராம் வரை எடை இருக்கும்; எடைக்கு ஏற்ற கொள்ளளவில் லிப்போவை மிஞ்சும், மின்னோட்டத்தில் பின்தங்கும். விசைப்படகு மாதிரி, இழுவைப் படகு மாதிரி, தூண்டிலுக்கு இரை கொண்டுபோகும் படகு போன்று நிதானமாக நெடுநேரம் ஓடுபவற்றுக்கு இது நன்கு பொருந்தும். இந்த வகையில் ஏமாற்று மிக அதிகம். இந்த அளவுச் செல்லின் உண்மையான கொள்ளளவு இன்று 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டியே முடிகிறது. 9900 என்று அச்சிட்ட செல் கையில் வந்தால் அதன் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, லித்தியம் இரும்பு பாஸ்பேட். செல்லுக்கு 3.2 வோல்ட், முழு சார்ஜில் ஏறத்தாழ 3.6 வோல்ட். எளிதில் தீப்பிடிக்காது, முறையாகப் பயன்படுத்தினால் ஆயிரம் முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும். 12 வோல்ட் ஈய அமில பேட்டரி வைத்து ஓடிய பெரிய மாதிரிப் படகில் நான்கு செல் பாஸ்பேட் பேட்டரியை (12.8 வோல்ட்) வைத்தால் எடை பாதிக்கும் கீழே இறங்கும். சிறுவர்கள் உள்ள வீட்டில், வேகம் வேண்டாத படகுக்கு, நான் தயக்கமின்றிச் சொல்வது இதைத்தான்.

எஸ், எம்.ஏ.எச்., சி: மூன்று எண்களைப் படித்தல்

லிப்போவின் மேல் ‘3எஸ் 5000 எம்.ஏ.எச். 30சி’ என்பதுபோல் அச்சிட்டிருக்கும். 3எஸ் என்றால் தொடராக இணைத்த மூன்று செல்கள், அதாவது 11.1 வோல்ட். இதைத் தேர்வு செய்வது உங்கள் விருப்பமல்ல, படகின் ஸ்பீடு கன்ட்ரோலரும் மோட்டாரும் விதிக்கும் வரம்பு. 2எஸ் படகில் 3எஸ் போட்டால் வேகம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்காக இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னழுத்தம் ஒன்றரை மடங்காகும்போது அதே புரொபெல்லரைச் சுழற்றத் தேவையான திறன் ஏறத்தாழ அதன் மும்மடிப்படி உயர்கிறது. அதாவது மூன்று மடங்குக்கும் மேல் திறன், இரண்டு மடங்குக்கும் மேல் மின்னோட்டம். 30 ஆம்பியர் இழுத்த படகு 65 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதற்கென அமைக்கப்படாத கம்பியும் கன்ட்ரோலரும் தண்ணீர்க் குழாய் குளிர்வித்தும் தாங்காது. செல் எண்ணிக்கையைக் கூட்டுவதாயிருந்தால் கன்ட்ரோலரின் வரம்பைச் சரிபார்த்து, புரொபெல்லரைச் சிறியதாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

எம்.ஏ.எச்., அதாவது மில்லி ஆம்பியர் மணி, எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்கிறது. 5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியர் மணி. சராசரியாக 30 ஆம்பியர் இழுக்கும் படகில் அது 10 நிமிடம் வரும்; ஆனால் லிப்போவை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காலியாக்கக் கூடாது என்பதால் 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மிச்சம் பேட்டரியின் ஆயுளுக்காக மட்டும் அல்ல. குளத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்து நின்ற படகை எடுக்க நீந்திப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். சேறும் தாமரைக்கொடியும் உள்ள குளத்தில் அது உயிருக்கு ஆபத்து. டிரான்ஸ்மிட்டரில் டைமர் வைத்து, மணி அடித்தவுடன் படகைக் கரைக்குத் திருப்புங்கள். கன்ட்ரோலரின் குறைமின்னழுத்த வரம்பைச் செல்லுக்கு 3.4 வோல்ட் அளவில் அமைத்தால் இரண்டாவது பாதுகாப்பாக அது இருக்கும்.

கொள்ளளவு கூடினால் எடையும் கூடும். வி வடிவ அடிப்பாகம் கொண்ட வேகப் படகின் எடைமையம் பொதுவாகப் பின்பலகையிலிருந்து அடிப்பாகத்தின் நீளத்தில் 30 விழுக்காடு அளவில் அமைய வேண்டும்; 70 செ.மீ. படகுக்கு அது 21 செ.மீ. பெரிய பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்தால் கடற்கரையில் அணியம் என்று சொல்லும் முன்முனை துள்ளித் துள்ளி அடிக்கும். பேட்டரியை வாங்கும் முன் படகின் உள்ளே இடத்தை அளந்து, அதே எடையுள்ள மணல் பையை வைத்து மிதக்கவிட்டுப் பாருங்கள்.

சி என்பது கொள்ளளவின் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரலாம் என்ற எண். 5 ஆம்பியர் மணியை 30ஆல் பெருக்கினால் 150 ஆம்பியர். கணக்கு எளிது, ஆனால் இந்த எண்ணைத்தான் விற்பவர்கள் மிகவும் ஊதிப்பெருக்குகிறார்கள். உங்கள் படகு உச்சத்தில் 80 ஆம்பியர் இழுக்குமானால் உண்மையான 16சி போதும். ஆயினும் அச்சிட்ட எண் அதைப்போல் இருமடங்குக்குக் குறையாமல் வாங்குங்கள். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பேட்டரிகளில் 100சி என்று போட்டது எடையில் இலேசாக இருந்தால், எடை கூடியதை எடுப்பது நல்லது. செல்லுக்குள் பொருள் அதிகம் இருப்பதற்கு எடையே சான்று. ஓட்டி முடித்ததும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு 60 டிகிரியை நெருங்கிவிட்டது என்பதன் அடையாளம். அந்த பேட்டரி இந்தப் படகுக்குச் சிறியது.

நல்ல பேட்டரிகள் நாகர்கோவிலில் எல்லா நேரமும் கிடைப்பதில்லை என்பதால் பலரும் இணையத்தில்தான் வாங்குகிறோம். பார்சல் வந்தவுடன் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். எல்லாம் 3.8 வோல்ட் அருகில், ஒன்றுக்கொன்று 0.02 வோல்ட்டுக்கு மேல் வேறுபடாமல் இருந்தால் நல்லது. ஒரு செல் மட்டும் 3.3க்குக் கீழே கிடந்தால் சார்ஜ் செய்து பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள்.

சார்ஜர்

லித்தியம் பேட்டரிக்கான சார்ஜர் முதலில் நிலையான மின்னோட்டத்தைத் தந்து, செல் அதன் முழு மின்னழுத்தத்தை (லிப்போவில் 4.2 வோல்ட்) தொட்டபின் அந்த மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்து மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. இதோடு, மெல்லிய கம்பிகள் கொண்ட சிறிய வெள்ளைக் கனெக்டர் வழியாக ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து சமன்செய்யும் வசதி வேண்டும். செல் வாரியாக மின்னழுத்தத்தைத் திரையில் காட்டாத சார்ஜரை வாங்க வேண்டாம். பொம்மைப் படகுடன் வரும் யு.எஸ்.பி. கம்பி அந்தச் சிறு பேட்டரிக்கே உரியது. பெரிய பேட்டரிக்கு உதவாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வாட். சார்ஜ் மின்னோட்டம் பொதுவாக 1சி, அதாவது 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியர். 3எஸ் பேட்டரியின் முழு மின்னழுத்தமான 12.6 வோல்ட்டை 5ஆல் பெருக்கினால் 63 வாட். 4எஸ் ஆனால் 84 வாட். ‘6 ஆம்பியர்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்ட 50 வாட் சார்ஜர், 4எஸ் பேட்டரிக்கு 3 ஆம்பியரைத் தாண்டாது. அதில் தவறில்லை, நேரம் கூடும், அவ்வளவே. இருந்தாலும் 100 வாட் சார்ஜர் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுவது பின்னால் மறுபடி வாங்குவதைவிடச் சிக்கனம். சுவர் மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் வகை வசதியானது. 12 வோல்ட்டிலும் இயங்குவது காயல் கரையில் கார் பேட்டரியிலிருந்து சார்ஜ் செய்ய உதவும்.

சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் கூடாது. பாஸ்பேட் பேட்டரியை லிப்போ அமைப்பில் போட்டால் 3.6இல் நிற்க வேண்டிய செல்லை 4.2 வரை ஏற்ற முயலும். செல் எண்ணிக்கையைத் திரையில் ஒருமுறை, பேட்டரியின் மேல் ஒருமுறை பார்த்த பிறகே தொடக்கப் பொத்தானை அழுத்துங்கள். ஈய அமில பேட்டரிக்கான சார்ஜரை எந்த லிப்போவிலும் இணைக்கவே கூடாது.

வீட்டிலும் மழைக்காலத்திலும்

எங்கள் பக்கம் பல வீடுகளில் ரப்பர் ஷீட் அடுக்கியிருக்கும், தேங்காய் மட்டையும் கயிறும் குவிந்திருக்கும், பின்புறம் ஓலைச் சாய்ப்பு இருக்கும். இவற்றின் அருகில் லிப்போ சார்ஜ் செய்வதை எண்ணிப்பார்க்கவே கூடாது. சிமென்ட் தரையில், மேலே எரியும் பொருள் இல்லாத இடத்தில், அகன்ற மண்சட்டிக்குள் பேட்டரியை வைத்து, பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலோடு, கண்பார்வையில் சார்ஜ் செய்யுங்கள். இரவில் போட்டுவிட்டு உறங்குவது வேண்டாம்.

ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வாரக்கணக்கில் படகு விட முடியாது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. முழு சார்ஜோடு கிடக்கும் லிப்போ உப்பிப்போகும், காலியாகக் கிடந்தால் செத்தே போகும். ஆகவே மழை தொடங்கியதும் சார்ஜரின் சேமிப்பு அமைப்பில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் கொண்டுவந்து, கனெக்டர்களைத் துடைத்து, உப்புக்காற்று புகாத டப்பாவில் வையுங்கள். காயல் தண்ணீரில் நனைந்த பேட்டரியை உடனே கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, வெளியே நிழலில் உலர்த்தி ஒருநாள் கவனித்த பின்பே வீட்டுக்குள் எடுக்க வேண்டும்.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ, குளத்தில் எறியவோ, சருகோடு எரிக்கவோ கூடாது. வீட்டுக்கு வெளியே ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்து முழுவதும் காலியாகும் வரை விட்டு, கம்பி முனைகளை டேப்பால் தனித்தனியே மூடி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். அங்கே போய்ச் சேரும் வரை அது அதே மண்சட்டியில், மணலுக்குள் இருக்கட்டும்.