சாத்துக்குடி மரம்: நடுவது முதல் தோலைப் பயன்படுத்துவது வரை நடக்கும் தவறுகள்

சாத்துக்குடிக்கு உடனே கோபம் வராது. நடும்போது செய்த பிழையை நாலைந்து வருடம் கழித்து, காய்க்க வேண்டிய நேரத்தில்தான் காட்டும்.

முதல் பிழை நர்சரியிலேயே தொடங்குகிறது. விதையில் முளைத்த கன்றும் பெரும்பாலும் தாய் மரத்தைப் போலத்தான் வரும். ஆனால் முள் அதிகம், காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகலாம். வேறு செடியின் அடித்தண்டில் சாத்துக்குடி மொட்டை ஒட்டி வளர்த்த, அதாவது மொட்டு கட்டிய கன்றில் நாலாம் ஐந்தாம் ஆண்டிலேயே காய் பார்க்கலாம். இந்தக் கன்றின் அடிப்பகுதி ரங்கபுரி எலுமிச்சை அல்லது ஜம்பேரி என்ற முரட்டு எலுமிச்சையாக இருக்கும். இரண்டும் ஒட்டிய இடத்துப் புடைப்பான ஒட்டு மேடு மண்ணிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கிற கன்றாகப் பார்த்து வாங்குங்கள். அந்த மேட்டைப் புதைத்து நட்டால் அழுகல் நோய் நேராகச் சாத்துக்குடிப் பகுதிக்குள் ஏறிவிடும். மேட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது கையாலேயே கிள்ளிவிட வேண்டும். “சாத்துக்குடி வைத்தேன், புளிக்கிற எலுமிச்சை காய்க்கிறது” என்று புலம்புகிறவர்களின் மரத்தைப் பார்த்தால், மேல் பகுதி பட்டுப்போய் அடிச்செடி மரமாகியிருக்கும்.

மரத்தைக் கொல்வதில் பெரும் பங்கு தண்ணீருக்குத்தான். தண்டைச் சுற்றிக் கிண்ணம்போல் பாத்தி கட்டி அதில் தண்ணீரைத் தேக்குவது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். ஈரம் எப்போதும் பட்டையில் பட்டுக்கொண்டே இருந்தால் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நோய்க்கிருமி பிடிக்கும். அடித்தண்டில் பழுப்பு நிறப் பிசின் வடிவதுதான் அடையாளம். பிசின் வந்ததும் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுகிறார்கள், அதனால் பயனில்லை. தண்டைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மண் அணைத்து மேடாக்கி, தண்ணீரை அதற்கு வெளியே, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் விடுங்கள். அணைக்கும் மண் ஒட்டு மேட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

பிசின் வடிந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் போர்டோ பசை பூச வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரையுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு ஒரு இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு சிவப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே பூசினால் பட்டை வெந்துவிடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே பூசிவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் வீண்.

வேலியில் மூலிகை என்று சீந்தில் கொடி ஏற்றியிருக்கிறீர்களா? பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் புழு அந்த இலையைத் தின்றுதான் வளர்கிறது. அந்துப்பூச்சி இரவில் வந்து பழத்தில் ஊசித் துளை போடும். துளையைச் சுற்றி அழுகி, பழம் உதிரும். பகலில் பூச்சி கண்ணில் படாததால் பலர் கண்ட மருந்தையும் அடித்துப் பார்க்கிறார்கள். சீந்திலை அகற்றுங்கள், பழங்களுக்கு உறை போடுங்கள். கறிவேப்பிலையையும் பக்கத்திலேயே நடாதீர்கள். சாத்துக்குடி மரத்தை மெல்லச் சாகடிக்கும் பசுமையாக்கும் (கிரீனிங்) நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி அதிலும் பெருகும். அந்த நோய்க்கு மருந்து கிடையாது.

பழம் மஞ்சளாகட்டும் என்று காத்திருப்பதும், காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்க வைப்பதும் இரண்டுமே தவறு. இது மாம்பழம் அல்ல. பறித்தபின் இனிப்பு ஏறாது. நம் வெப்பத்தில் தோல் பச்சை கலந்திருந்தாலும் உள்ளே முதிர்ந்திருக்கும். ஒன்றை அறுத்துச் சுவைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. இழுத்துப் பறித்தால் காம்படித் தோல் பிய்ந்து பூஞ்சணம் பிடிக்கும், கத்தரியால் வெட்டுங்கள்.

ஜூஸ் கசக்கிறது என்று பழத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி மிக்ஸிதான். கொட்டை, நடு நரம்பு, வெள்ளைத் தோல் எல்லாம் அரைபட்டால் அவற்றிலுள்ள சுவையற்ற ஒரு பொருள் சாற்றின் புளிப்பில் மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். அதனால்தான் பிழிந்தபோது இனித்த சாறு சில மணி நேரத்தில் கசக்கிறது. குறுக்கே வெட்டிக் கையால் பிழிந்து உடனே குடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

தோலை எறியாமல் வீடு துடைக்கும் நொதிக்கரைசல் செய்பவர்கள் வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10 என்ற எடைக்கணக்கில் போட்டு மூன்று மாதம் வைக்கிறார்கள். கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியே விட்டு மூடுங்கள். கரைசல் அமிலத்தன்மை கொண்டது; பளிங்குத் தரையிலும் கடப்பாக் கல்லிலும் ஊற்றினால் பளபளப்பு போய்விடும். (சாத்துக்குடிக்குப் பேர்போன கடப்பா மாவட்டத்துக் கல்லுக்கே அதன் தோல் ஆகாது!) பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.