பட்டுப்போன தென்னைல ஆள் ஏத்தலாமா? கீழ நின்னே முடிவு பண்றது எப்படி

ஒரு தென்னை பட்டுப்போச்சு, வெட்டணும். நம்ம ஊர்ல வழக்கமா என்ன நடக்கும், மரம் ஏறுற அண்ணனுக்கு போன் போடுவோம், அவர் வந்து நிமிர்ந்து பார்ப்பாரு, கூலி பேசுவோம், தளைக்கயிற மாட்டிட்டு ஏறிடுவாரு. ஆனா அந்த மரம் எப்ப பட்டுச்சு, எதனால பட்டுச்சு, தூர்ல சாறு வடிஞ்சுதா இதெல்லாம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், உசுர கையில புடிச்சிட்டு ஏறப்போறவருக்கு தெரியாது. அவரும் வந்த கூலிய விட முடியாம சரின்னுதான் சொல்லுவாரு. அதனால அவர் வர்றதுக்கு முன்னாடியே மரத்த பார்த்து வைக்கிறது உங்க வேலை, பார்த்தத ஒண்ணு விடாம அவர்கிட்ட சொல்றதும் உங்க வேலைதான்.

மொதல்ல தென்னை எப்படி நிக்குதுன்னு புரிஞ்சுக்கணும். வேம்பு, புளி மாதிரி இதுக்கு நடுவுல வைரம் (கெட்டியான நடுக்கட்டை) கிடையாது, பலம் பூரா வெளிச்சுத்துலதான் இருக்கு, நடுத்தண்டு சோறு மாதிரி. அதுலயும் அடிமரத்து வெளிப்பக்கம் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல கனம் இருக்கும், உச்சிக்கு போகப்போக, உள்ள போகப்போக கொறஞ்சு 400-க்கும் கீழ போயிடும். அதாவது ஆள் போய் உக்காந்து அரிவாள் வீசுற எடம்தான் மரத்துலயே நோஞ்சான் எடம். உசுரோட இருக்கும்போதே இப்படின்னா, கொண்டை விழுந்து மொட்டையா நிக்கிற மரத்துல மழைத்தண்ணி உச்சி வழியா உள்ள எறங்கி மேலேருந்து அழுகிட்டே வரும், கீழ தட்டிப்பார்த்தா கல்லு மாதிரி இருக்கும். அதனால மொட்டையாகி ஒரு மழைக்காலம் தாண்டிடுச்சுன்னா வேற எந்த சோதனையும் வேண்டாம், அதுல யாரையும் ஏத்தாதீங்க.

கொண்டை இன்னும் இருக்குன்னா, எதனால பட்டுச்சுன்னு கண்டுபிடிங்க. இதுதான் பாதி முடிவு.

சிவப்பு கூன்வண்டு விழுந்த மரம்னா தண்டுல ஓட்டை இருக்கும், அதுலேருந்து பழுப்பா சாறு வழிஞ்சு காஞ்ச கறை இருக்கும், மென்னு துப்புன நாரு ஓட்டை வாயில தொங்கும். காத தண்டுல வெச்சு கேட்டா உள்ள புழு கடிக்கிற சத்தம் கூட சில சமயம் கேக்கும். புழு தின்னுறது உள்பக்கத்த, வெளிய பார்க்க மரம் நல்லாத்தான் தெரியும். ஒரு ஓட்டை பார்த்தாலும் ஏறக்கூடாதுன்னே வெச்சுக்கங்க, ஏன்னா உள்ள எவ்வளவு தூரம் குடைஞ்சிருக்குன்னு வெளியேருந்து அளக்க வழியே இல்ல.

தஞ்சாவூர் வாடல் நோய் இன்னொரு வகை. தூர்லேருந்து மேல ஆளுயரம் வரைக்கும் செங்கறையா சாறு வடியும், மழை நேரத்துல அடியில தட்டு மாதிரி காளான் கூட வரும். இதுல அழுகுறது வேரு. தென்னைக்கு ஆணிவேர் கெடையாது, சல்லிவேர் கூட்டமா மண்ண புடிச்சிட்டு நிக்கிறதுதான், அது அழுகிடுச்சுன்னா ஒரு ஆள் வெயிட்டு மேல போய் ஆடும்போது மரம் வேரோட சாயலாம். தண்டு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் இதுல ஏறவே கூடாது.

இடி விழுந்த மரத்துலதான் ஆளுங்க ஏமாறுறாங்க. போன வாரம் வரைக்கும் நல்லா இருந்த மரமாச்சேன்னு தோணும், ஆனா தண்டு உள்ளயே விரிசல் விட்டிருக்கலாம். நீளவாக்குல வெடிப்பு தெரியுதான்னு நாலு பக்கமும் சுத்தி பாருங்க. வெடிப்பு இல்ல, சாறு இல்ல, பட்டு கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா அடுத்த சோதனைக்கு போகலாம். நாள் ஆச்சுன்னா இதுலயும் கூன்வண்டு வந்து சேர்ந்திடும்.

புயல்ல அசைஞ்ச மரத்தையும் சேர்த்துக்கங்க. 2018 நவம்பர்ல கஜா வந்தப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் விழுந்த மரம் கணக்கு ஒரு பக்கம்னா, விழாம வேர் அறுந்து சாஞ்சு நின்ன மரம் இன்னொரு பக்கம். தூரைச் சுத்தி மண்ணு வெடிச்சிருக்கா, ஒரு பக்கம் மண்ணு தூக்கிட்டு நிக்குதா, முன்ன இருந்தத விட சாய்வு கூடியிருக்கான்னு பாருங்க.

இப்ப கைவேலை. மொதல்ல மேல பார்த்துட்டு, காஞ்ச மட்டை, பாளை, தேங்கா எதுவும் தலைக்கு நேரா தொங்கலன்னு உறுதி பண்ணிட்டு, ஹெல்மெட் போட்டுட்டு கிட்ட போங்க. அரிவாள் பின்பக்கத்தாலயோ சின்ன கட்டையாலயோ தூர்லேருந்து கை எட்டுற உயரம் வரைக்கும் சுத்திச்சுத்தி மெதுவா தட்டுங்க, ஓங்கி அடிக்காதீங்க, பட்ட மரத்துல அதிர்ச்சியே கொண்டைய கீழ தள்ளிடும். பக்கத்துல நல்ல மரம் ஒண்ணையும் தட்டி ரெண்டு சத்தத்தையும் ஒப்பிடுங்க. பொத்துபொத்துன்னோ காலிப்பானை மாதிரியோ கேட்டா விட்டுடுங்க. அப்புறம் ஒரு கம்பியோ பெரிய ஸ்க்ரூடிரைவரோ எடுத்து தூர்ல, பழைய படிவெட்டுல, கறை இருக்குற எடத்துல கையாலயே அழுத்துங்க. நல்ல மரம்னா அரை இஞ்ச் கூட போகாது. தென்னையில வெட்டுக்காயம் ஆறாது, அதனால ஏறுறதுக்காக எப்பவோ கொத்துன படிதான் தண்ணி உள்ள எறங்குற வழி, அத கண்டிப்பா குத்திப் பாருங்க. கயித்த கட்டி இழுத்து ஆட்டிப் பார்க்குற பழக்கம் இருக்கு, அது வேண்டாம், ஒடிஞ்சா இழுக்குறவர் மேலயே வரும்.

உச்சிய போன் கேமராவுல ஜூம் பண்ணி வீடியோ எடுத்து பெருசா பாருங்க. மரங்கொத்தி, கிளி போட்ட பொந்து இருந்தா அந்த எடத்துல தண்டு மெத்துன்னு ஆகிடுச்சுன்னு அர்த்தம். கதண்டு, தேனீ கூடு இருந்தா அன்னைக்கு வேலையே கெடையாது. கரண்டு லைன் பக்கத்துல இருந்தா ஈபி ஆபீஸ்ல சொல்லி லைன நிறுத்துன பிறகுதான் எதையும் தொடணும்.

இத்தனையும் சரியா இருந்தாதான் ஏறுறத பத்தி பேசவே செய்யலாம். அப்பவும் மழை விட்டு தண்டு காஞ்சிருக்கணும், காத்து இருக்கக்கூடாது, கீழ மரத்தோட உயரத்துல ரெண்டு மடங்கு தூரத்துக்கு ஒருத்தரும் நடமாடக் கூடாது. ஏறுறவர் பாதியில சத்தம் மாறுது, பட்டை உதிருதுன்னு எறங்கிட்டா முழு கூலிய குடுத்துடுங்க, இத ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அப்பதான் தயங்காம எறங்குவாரு. பாதுகாப்பு கயித்த அதே பட்ட மரத்துல கட்டுனா மரத்தோட அதுவும் விழும்ங்கிறதையும் மறக்காதீங்க. தென்னை வளர்ச்சி வாரியத்தோட கேரா சுரக்ஷா இன்சூரன்ஸ் மரம் ஏறுறவங்களுக்காகவே இருக்கு, அவருக்கு இல்லன்னா எடுக்க உதவி பண்ணுங்க.

ஏற முடியாதுன்னு முடிவானா, சுத்தி எடம் இருந்தா அடியில விழவேண்டிய பக்கம் வாய் (ஆப்பு மாதிரி பள்ளம்) வெட்டி, மரத்த விட நீளமான கயித்தால தள்ளி நின்னு இழுத்து சாய்க்கலாம், இதுவும் பழகுன ஆளுங்க வேலைதான். வீட்டுக்கு நடுவுல நிக்குதுன்னா ஆள் நிக்கிற கூடை வெச்ச லிஃப்ட் வண்டிதான் வழி, ஆள் மரத்து மேல சாயாம கூடையில நின்னே துண்டு துண்டா அறுத்து எறக்கலாம், வாடகை கூடத்தான் ஆகும், குடுங்க. ஜேசிபிய வெச்சு முட்ட வேண்டாம், அடி அசையறதுக்குள்ள உச்சி ஒடிஞ்சு டிரைவர் மேல விழலாம்.

சாய்ச்ச பிறகு தண்ட தோட்டத்துலயே போட்டு வைக்காதீங்க. கூன்வண்டு மரம்னா உடனே பொளந்து உள்ள இருக்குற புழு, கூட்டுப்புழுவோட எரிச்சிடணும், இல்லன்னா அதுலேருந்து வண்டு கெளம்பி அடுத்த மரத்துக்கு போகும். வாடல் நோய் மரம்னா தூரையும் வேரையும் தோண்டி எடுத்து எரிச்சுட்டு, அந்த குழியிலயே உடனே புது கன்னு வைக்காம விடுங்க.